தங்கால் முதல் தன்னாட்சி வரை: தமிழகப் பல்கலைக்கழக மதிப்பீட்டு வரலாற்றில் மால்கம் ஆதிசேஷையாவின் இடம்

முன்னுரை

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் கிளைக்கதைகளுள் ஒன்று தங்கால் என்னும் ஊரில் நிகழ்கிறது. இன்று சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துவிட்ட திருத்தங்கலே அத்தங்கால் என்பர். சேரனிடம் பரிசில் பெற்று மீளும் பராசரன் என்னும் அந்தணன் அவ்வூர் மன்றத்தில் இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவரை நோக்கி, தன்னோடு ஒப்ப மறை ஓதுவோர் தன் பொருட்பொதியைக் கொண்டுபோகலாம் என்கிறான். வார்த்திகன் என்பானின் மகன், மழலை மாறா நாவினன், ஓசை பிழையாமல் ஓதி முடிக்கிறான். பராசரன் மகிழ்ந்து முத்துப் பூணூலும் அணிகலன்களும் அளித்துப் போய்விடுகிறான். அணிகலன்களைக் கண்டு பொறாதவர்களால் கதை திரும்புகிறது. புதையற்பொருளைக் கவர்ந்தவன் எனக் கூறி அரசின் ஏவலர் வார்த்திகனைச் சிறையிலிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். கொற்றவை கோயிற் கதவம் திறக்கவில்லை. பாண்டியன் உண்மை அறிந்து பிழை பொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்குகிறான்.

இக்கதை பெரும்பாலும் பாண்டியரின் செங்கோன்மைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. மதிப்பீட்டின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது வேறொன்றையும் சொல்கிறது. தங்காலில் நடந்தது ஒரு தேர்வு. தேர்வாளன் மாணவனின் எதிரில் அமர்ந்து, தன் காதால் கேட்டு, அவ்விடத்திலேயே பரிசு அளித்தான். அம்முடிவை ஐயுற்றவர்களோ ஓதலைக் கேட்டவர்கள் அல்லர். அவர்கள் கண்டது பரிசை மட்டுமே. கேட்டவர் அளித்த மதிப்பைக் கேளாதவர் எவ்வாறு ஏற்பது என்னும் இச்சிக்கலே, 1857 முதல் தமிழகத்தின் பல்கலைக்கழகத் தேர்வுமுறை குறித்த எல்லா விவாதங்களுக்கும் அடியில் கிடக்கிறது. அச்சிக்கலுக்கு 1970களில் ஒரு துணிவான விடையை முன்வைத்தவர் பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேஷையா. அவ்விடை எங்கிருந்து வந்தது, எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கற்பிக்காத பல்கலைக்கழகம்

1857 செப்டம்பரில் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. அது தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும் அமைப்பாக இருந்ததேயன்றி, கற்பிக்கும் அமைப்பாக இல்லை. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் பயின்றவர்கள். பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி எனப் பெருமையோடு நினைவுகூர்கிறது. ஆனால் அவருக்குப் பாடம் சொன்னது அப்பல்கலைக்கழகம் அன்று. கடல் கடந்து வேறொரு நிறுவனத்தில் கற்றவரைத் தேர்ந்து முத்திரையிட்டதே அது செய்த பணி.

இம்முறைக்கு ஒரு நியாயம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது. கல்வி சில குழுவினரின் கையில் மட்டும் இருந்த ஒரு சமூகத்தில், பதிவெண் என்பது பிறப்பை மறைக்கும் திரையாயிற்று. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்க்கு முகமறியாத் தேர்வாளர் ஒருவகைக் காவல். அரசுப் பணிக்குப் பட்டமே நுழைவுச்சீட்டாக அமைந்த காலத்தில் அக்காவலின் விலை மிகப் பெரிது. புறத்தேர்வைப் பழிக்கும் கல்வியியல் எழுத்துகள் பலவும் இதைப் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிதே. ஆண்டு முழுவதும் மாணவனோடு இருந்த ஆசிரியருக்கு அவனை மதிப்பிடும் உரிமை இல்லை; அவனைக் கண்டறியாதவருக்கு அவ்வுரிமை முழுவதும் உண்டு. வகுப்பறையில் என்ன நடந்தாலும் மூன்று மணி நேரத் தாளில் எழுதியதே கல்வி. எனவே வினாத்தாள் பாடத்திட்டத்தை ஆண்டது. பாடத்திட்டம் ஆசிரியரை ஆண்டது. 1948–49இல் இயங்கிய இராதாகிருஷ்ணன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்க வேண்டுமாயின் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்னும் கருத்தைப் பதிவுசெய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அவ்வாணையத்தின் உறுப்பினர் என்பது கருதத்தக்கது. அவர் காலத்தில் பல்கலைக்கழகம் துறைகளாலும் கல்லூரிகளாலும் விரிந்தது. தேர்வின் அடிப்படையோ மாறவில்லை.

ஸ்லேட்டரின் மாணவர்கள்

இடையில் நடந்த ஒரு சிறு முயற்சியை இங்கு நின்று காண வேண்டும். 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். முன்னர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இந்தியச் சிற்றூர்களின் பொருளியல் பற்றிய நூல்கள் போதாமையைக் கண்ட அவர், வினாநிரல் ஒன்றை அமைத்து, மாணவர்கள் தத்தம் ஊர்களை விடுமுறையில் ஆய்ந்து எழுதச் செய்தார். அவ்வாய்வுகளின் தொகுப்பு 1918இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று வடமலாபுரம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத்தில் உள்ள ஊர் அது.

மாணவர் எழுதியது தேர்வுத்தாள் அன்று. பேராசிரியரும் அறிந்திராத ஒன்றை அவருக்கு அறிவிக்கும் எழுத்து. அதன் தரத்தை அளக்க மனப்பாடம் உதவாது. நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று ஊரில் கேட்டறிந்தால்தான் எழுத முடியும். பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை 1930களில் மீளாய்வு செய்து 1940இல் வெளியிட்டனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வடமலாபுரம் 1980களில் மீண்டும் ஆராயப்பட்டது. மாணவர் பயிற்சிக் கட்டுரை ஒன்று எழுபது ஆண்டுக்கால ஆய்வுத் தொடருக்கு அடியெடுத்துக் கொடுத்திருக்கிறது. பல்லாயிரக்கணக்கான பட்டத் தேர்வு விடைத்தாள்களுள் ஒன்றேனும் இத்தகு பின்வாழ்வு பெற்றிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் ஸ்லேட்டரின் முறை தேர்வு விதிகளுக்குள் நுழையவில்லை. அது ஒரு பேராசிரியரின் தனி ஆர்வமாகவே நின்றது. அவர் நாடு திரும்பியபின் பட்டப்படிப்பின் பொதுநெறியாக வளரவுமில்லை.

ஆதிசேஷையாவின் வழி

வடமலாபுர மீளாய்வை மேற்கொண்ட அந்த ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் நிறுவியவர் மால்கம் ஆதிசேஷையா. 1910இல் வேலூரில் பிறந்து, அங்குள்ள ஊரிஸ் கல்லூரியிலும் சென்னை இலயோலா கல்லூரியிலும் பயின்று, இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் மேற்கல்வி பெற்றவர். கல்கத்தாவில் ஆசிரியராகவும், 1940களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகவும் இருந்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றின் கல்வித் திட்டங்களை அருகிருந்து காணும் வாய்ப்பு அப்பணியால் கிட்டியது. 1975இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பொறுப்பேற்று 1978 வரை அப்பதவியில் இருந்தார்.

அவர் வரும்போது கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. கோத்தாரி ஆணையம் (1964–66) தகுதிவாய்ந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கவும், தொடர்ச்சியான அகமதிப்பீட்டைப் புகுத்தவும் பரிந்துரைத்திருந்தது. பல்கலைக்கழக மானியக்குழு 1973இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தச் செயல்திட்டம் அகமதிப்பீடு, வினா வங்கி, தரப்புள்ளி, பருவமுறை ஆகியவற்றை வலியுறுத்தியது. அதற்கும் முன்னரே, கற்றல் நோக்கங்களை அறிதல் முதல் மதிப்பிடல் வரை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம் 1950களின் இறுதியில் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தியிருந்தார். (இன்று கல்லூரி வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவின் அருகிலும் அச்சிடப்படும் கே1, கே2 என்னும் குறிகள் அவர் வகைப்பாட்டின் வழிவந்தவை. அவற்றை நிரப்பும் ஆசிரியர் பலருக்கு அது அலுவலகச் சடங்காகிவிட்டது என்பது வேறு.) பரிந்துரைகள் இருந்தன, அவற்றைச் செயற்படுத்தும் ஒரு பல்கலைக்கழகம் இல்லை. 

ஆதிசேஷையாவின் பங்கு இங்குதான் தனித்து நிற்கிறது. அவர் புதுக்கோட்பாடு எதையும் படைக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகத் தேர்வு நடத்துவதையே தன் முதற்பணியாகக் கொண்டிருந்த ஒரு பல்கலைக்கழகத்தை, அப்பணியின் ஒரு பகுதியைத் தானே விட்டுக்கொடுக்கச் செய்தார். 1978இல் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் சில இணைவுக் கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. சென்னையில் இலயோலா, கிறித்தவக் கல்லூரி, திருச்சியில் தூய வளனார் கல்லூரி, கோவையில் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி ஆகியன அம்முதல் அணியைச் சார்ந்தவை. பாடத்திட்டம் வகுத்தல், கற்பித்தல், தேர்வு நடத்தல், மதிப்பிடல் ஆகிய நான்கும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினது. பாடத்திட்டக் குழுவில் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி ஒருவர் அமர்வார். கேட்டவரே மதிப்பிடும் முறை 121 ஆண்டுகளுக்குப் பின் விதியாயிற்று.

அதே 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு மாறியது. புகுமுக வகுப்பு கல்லூரிகளை விட்டு நீங்கியது. மேல்நிலைக் கல்வியைத் தொழிற்கல்வி நோக்கில் ஆராய்ந்த தேசிய மறுஆய்வுக் குழுவுக்கும் ஆதிசேஷையாவே தலைவர். கல்லூரி என்பது இனிப் பட்டப்படிப்புக்கு மட்டுமே உரிய இடம் என்னும் நிலையும் தன்னாட்சியும் ஒரே ஆண்டில் வந்ததால், பாடத்திட்டத்தை அடியிலிருந்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அக்கல்லூரிகளுக்குக் கிடைத்தது.

ஐயுற்றவர்கள்

எதிர்ப்பு ஆசிரியரிடமிருந்தே எழுந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், மதுரைப் பகுதியில் மூட்டா அமைப்பும் தன்னாட்சியை எதிர்த்தன. மதிப்பிடும் உரிமையைப் பெறப்போகிறவர்களே அதை மறுத்ததைப் பழமைப்பற்று எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்கள் அஞ்சியது உரிமையை அன்று. அது யார் கைக்குப் போகும் என்பதையே. தனியார் கல்லூரி ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புக்கான சட்டம் 1976இல்தான் வந்திருந்தது. அதற்கு முன் நிருவாகத்தின் ஒரு சொல்லில் வேலை இழந்தவர்களின் நினைவு பசுமையாக இருந்தது. பல்கலைக்கழகத் தேர்வு, நிருவாகத்தின் கை எட்டாத இடத்தில் இருந்தது. தேர்வு கல்லூரிக்குள் வந்தால், குறிப்பிட்ட மாணவனுக்கு மதிப்பெண் கூட்டச் சொல்லும் குரலும் உள்ளே வரும். மறுக்கும் ஆசிரியருக்கு வெளியே யார் துணை?

இவ்வினாவின் வலிமையை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1978ஆம் ஆண்டுத் தன்னாட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அறியலாம். இரண்டும் தனித்தனி வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன; ஒன்று தொழிற்சங்க வரலாறு, மற்றது கல்விச் சீர்திருத்த வரலாறு. உண்மையில் முன்னது இன்றிப் பின்னது நிற்காது. அச்சமின்றி மதிப்பெண் குறைக்க இயலாத ஆசிரியர் இடும் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. சீர்திருத்தவாதிகள் ஆசிரியரின் திறனைப் பற்றி மிகுதியாகப் பேசினர். சங்கங்கள் ஆசிரியரின் நிலையைப் பற்றிப் பேசின. மதிப்பீட்டின் நேர்மைக்கு இரண்டாவதே முதற்காரணம் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது.

மாணவர் பக்கத்து ஐயம் வேறு. பெயரறிந்த ஆசிரியரிடம் பெறும் அகமதிப்பெண்ணில் பதிவெண்ணின் காவல் இல்லை. கோத்தாரி ஆணையமே இதை உணர்ந்து, அகமதிப்பெண்ணையும் புறத்தேர்வு மதிப்பெண்ணையும் தனித்தனியே காட்டுமாறு கூறியிருந்தது. நடைமுறையில் இரண்டும் கூட்டப்பட்டன. நம்பிக்கையின் அளவு விகிதமாக உறைந்தது: சில தன்னாட்சிக் கல்லூரிகளில் 50:50, பல இடங்களில் 40:60, இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலும் 25:75. ஆசிரியரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு ஒரு சமூகம் எண்ணில் எழுதிய விடைகளாக இவ்விகிதங்களைப் படிக்கலாம்.

சிவகாசி வட்டாரம்

இவ்வரலாறு பெருநகரக் கல்லூரிகளோடு நின்றிருந்தால் அதன் சோதனை முழுமை பெற்றிராது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும் தோன்றின. திருத்தங்கல் சாலையில் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இல் தொடங்கியது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை இப்பகுதிக் கல்லூரிகளின் பட்டத் தேர்வுகள் சென்னையின் ஆளுகையில் இருந்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் வாழும் வட்டாரம் இது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததே இதன் தொடக்கம். அத்தகைய கல்விக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வுத்தாளில் இடமில்லை. நாடு முழுவதற்கும் நோட்டுப் புத்தகம் அச்சிடும் ஊரின் பிள்ளைகள், தம் ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாத தேர்வை எழுதிவந்தனர்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை தன்னாட்சியை விரிவாக்க முனைந்தபின், இவ்வட்டாரக் கல்லூரிகளும் ஒவ்வொன்றாகத் தன்னாட்சி பெற்றன. உள்ளூர்ச் சூழலுக்கேற்பப் பாடம் வகுக்கும் உரிமை அதனால் வந்தது. ஸ்லேட்டரின் மாணவர் வடமலாபுரத்தில் செய்தது போன்ற களப்பணி, திட்டக்கட்டுரை என்னும் பெயரில் மதிப்பெண் பெறும் பாடமாயிற்று. வேதியியல் மாணவி பட்டாசுக் கலவைகளையும், வணிகவியல் மாணவி அச்சகக் கணக்கையும் பாடத்தின் பகுதியாகக் காண விதியில் தடையில்லை. முதல் தலைமுறைப் பெண்களுக்கு இதன் பொருள் பெரிது. ஆண்டிறுதியில் ஒரே நாளில் காய்ச்சலால் தவறிய தாள், ஓராண்டையும் அதனோடு படிப்பையுமே விழுங்கிய நிலை பருவமுறையால் தளர்ந்தது. திருமணமும் தொழிற்சாலையும் வாசலில் காத்திருக்கும் வீடுகளில், ஓராண்டு என்பது மீளப் பெறக்கூடிய காலம் அன்று.

மறுபுறமும் உண்டு. அகமதிப்பெண் நாளடைவில் வாய்பாடாகியது: இரண்டு அகத்தேர்வுகள், ஓர் ஒப்படைப்பு, ஒரு கருத்தரங்கு, சில இடங்களில் வருகைப்பதிவுக்கும் மதிப்பெண். ஆசிரியரின் தீர்ப்புக்கு இடமளிக்க வந்த ஏற்பாடு, அத்தீர்ப்பை ஒளித்துவைக்கும் படிவமாயிற்று. முறையீடு வந்தால் காட்ட ஒரு தாள் வேண்டும்; படிவம் அத்தாள். ஒப்படைப்புகள் ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து எழுதப்படுவதும், பெரும்பாலோர்க்கு ஒரே அளவு மதிப்பெண் விழுவதும் பேராசிரியர்கள் தமக்குள் ஒப்புக்கொள்ளும் செய்திகள். கேட்டவரே மதிப்பிடலாம் என விதி கூறியது; உற்றுக் கேட்பதற்கு நேரமும் துணிவும் யார் தருவது என்பதை அது கூறவில்லை.

பயிற்சிக்கு வழி தேடாமலில்லை. 1987 முதல் மானியக்குழு பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவி, புதிய விரிவுரையாளர்க்கு அறிமுகப் பயிற்சியும் பணியிலிருப்போர்க்குப் புத்தொளிப் பயிற்சியும் அளித்தது. இப்பயிற்சிகள் பதவி உயர்வுக்குத் தேவையான சான்றிதழோடு பிணைக்கப்பட்டமையால், அவையும் தேர்வு போலவே கடந்து செல்ல வேண்டிய கட்டங்களாகிவிட்டன.

அடித்தளத்தின் மாற்றம்

தமிழகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகளின் எண்ணிக்கை நாட்டின் பிற மாநிலங்களை விஞ்சி வளர்ந்தபோதே, அதன் அடித்தளம் இன்னொரு புறம் மாறியது. அரசு உதவிபெறும் கல்லூரிகளிலேயே சுயநிதிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அங்குப் பணிபுரிவோர்க்கு ஊதியம் நிருவாகத்தினது. பணி நீட்டிப்பும் நிருவாகத்தின் விருப்பம். 1978இல் சங்கங்கள் எழுப்பிய வினா, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலை நடைமுறையில் உணராத ஒரு தலைமுறை ஆசிரியர் முன் மீண்டும் வந்து நிற்கிறது. அவர்களும் அகமதிப்பெண் இடுகின்றனர், வினாத்தாள் எடுக்கின்றனர், விடைத்தாள் திருத்துகின்றனர். ஒரே கட்டடத்தில் காலையில் உதவிபெறும் பிரிவு ஆசிரியர் இடும் மதிப்பெண்ணும், பிற்பகலில் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் இடும் மதிப்பெண்ணும் ஒரே வடிவச் சான்றிதழில் அச்சாகின்றன. இட்டவர் எந்த நிலையில் நின்று இட்டார் என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை.

2023இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் முன்வைக்கப்பட்டபோது தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. கல்லூரி மாறும் மாணவர்க்கும் வேலைவாய்ப்புக்கும் பொதுமை தேவை என்பது ஒரு வாதம். பாடம் வகுக்கும் உரிமையே தன்னாட்சியின் உயிர் என்பது மறுவாதம். அவ்விவாதத்தில் பாடத்திட்டம் பேசப்பட்ட அளவுக்கு மதிப்பீடு பேசப்படவில்லை. ஆதிசேஷையா விட்டுக்கொடுக்கச் செய்த நான்கு உரிமைகளுள் முதலாவதைப் பற்றிய வழக்கே அன்று நடந்தது. நான்காவது, கே குறிகளும் ஒப்படைப்புப் படிவங்களும் நிறைந்த கோப்புகளாகத் தேர்வாணையர் அலுவலகங்களில் இருக்கிறது.